2.03 மீற்றர் சின்ன உயரமா?

வீட்டில் விளையாட்டுப் பேச்சு வந்தால் இரண்டு கட்சிதான். பெரியவர்கள், "அந்தக் காலத்து ஆக்கள் மாதிரி இனி ஒருத்தரும் வரமாட்டினம்" என்பார்கள். நாங்கள் உடனே ஃபோனை எடுத்து இன்றைய சாதனையைத் தேடிக் காட்டுவோம். இரண்டு பக்கமுமே பிழையாக ஒப்பிடுகிறோம் என்றுதான் எனக்குப் படுகிறது.

யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த நாகலிங்கம் எதிர்வீரசிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1958இல் ரோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் 2.03 மீற்றர் உயரம் பாய்ந்து தங்கம் வென்றவர். ஆசியப் போட்டிகளில் இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. இன்றைக்கு அந்த உயரம் என்ன பெரிசு? உக்ரேன் நாட்டுப் பெண் யாரோஸ்லாவா மகுச்சிக் 2024இல் 2.10 மீற்றரைத் தாண்டிவிட்டார். இலக்கத்தை மட்டும் பார்த்தால் கதை முடிந்தது.

ஆனால் அந்தக் காலத்தில் பாய்ந்தவர்கள் பெரும்பாலும் மணலிலோ மரத்தூளிலோதான் விழுந்தார்கள். அதனால் கால் ஊன்றியோ கை ஊன்றியோ இறங்கக்கூடிய மாதிரிப் பாய்ந்தார்கள். தடித்த மெத்தைகள் வந்த பிறகுதான் பயமில்லாமல் முதுகுப்பக்கமாக விழ முடிந்தது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டிக் ஃபொஸ்பரி அப்படிப் பாய்ந்து, 2.24 மீற்றரில் தங்கம் வென்றார். இன்று முன்னணியில் இருப்பவர்கள் எல்லோரும் பாய்வது அவருடைய முறையில்தான். மணலில் அப்படி விழுந்தால் கழுத்து என்னாவது?

பிறகு எப்படித்தான் ஒப்பிடுவது? அவரவர் காலத்து உலக சாதனையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1958இல், ரோக்கியோ போட்டி நடந்தபோது, உலக சாதனை 2.16 மீற்றர். எதிர்வீரசிங்கம் அதைவிட 13 சென்ரிமீற்றர் குறைவு. 2023 ஹாங்சோ ஆசியப் போட்டியில் கட்டார் வீரர் பார்ஷிம் 2.35 பாய்ந்து தங்கம் வென்றார். உலக சாதனை 2.45. அவர் 10 சென்ரிமீற்றர் குறைவு. ஒலிம்பிக் தங்கம் வென்ற பார்ஷிமோடு ஒப்பிட்டாலும் வித்தியாசம் வெறும் 3 சென்ரிமீற்றர்தான்.

பெரியவர்களுக்கும் ஒன்று சொல்லவேண்டும். இதே கணக்கின்படி, அந்தக் காலத்திலேயே எதிர்வீரசிங்கத்தைவிட உயரம் பாய்ந்தவர்கள் இருந்தார்கள். 1956 மெல்பேர்ண் ஒலிம்பிக் தங்கம் 2.12 மீற்றருக்குப் போனது. "இப்ப எல்லாம் சப்பாத்தின்ர வேலை" என்றும் சொல்லமுடியாது. அந்த 2.16 சாதனையைச் செய்த சோவியத் வீரர் ஸ்தெபானவ், ஒரு காலில் தடித்த அடி வைத்த சப்பாத்துப் போட்டுத்தான் பாய்ந்தார். அதற்குப் பிறகு அந்த அடியின் தடிப்புக்குக் கட்டுப்பாடு வந்தது.

இது வெறும் வீட்டு வாக்குவாதம் இல்லை. கோடைகால விளையாட்டுப் போட்டிகளில் ஓடிக் களைத்து வரும் பிள்ளையிடம், "உங்களுக்கு எல்லா வசதியும் இருக்கு, அப்பிடியும் இவ்வளவுதானா?" என்று கேட்கிறார்கள். அது அந்தப் பிள்ளையின் உழைப்பைச் சின்னதாக்குகிறது. நாங்கள் 2.03ஐப் பார்த்துச் சிரிப்பதும் அதே வேலைதான்.

அடுத்தமுறை இந்தப் பேச்சு வந்தால், "யார் பெரிய ஆள்?" என்பதை விட்டுவிட்டு, "அவர் எதில் விழுந்தார், யாரோடு போட்டி போட்டார்?" என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவோடு சண்டை பிடிக்காமல் ஒரு மணித்தியாலம் பேசலாம்.