வயதைப் பார்ப்பதா, புகையை அளப்பதா?

தில்லியில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கும் 15 ஆண்டுகளைக் கடந்த பெட்ரோல் வாகனங்களுக்கும் எரிபொருள் வழங்கக் கூடாது என்ற ஆணை 2025 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. எதிர்ப்பு எழவே, சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டது. வயதை மட்டுமே காரணம் காட்டி உரிமையாளர்கள் மீது கடும் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று ஆகஸ்ட் மாதம் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பி.எஸ். 4 மற்றும் அதற்குப் பிந்தைய தர வாகனங்களுக்கு மட்டும் என வரையறுத்தது. இந்த இழுபறிக்கு அடிப்படைக் காரணம் ஒன்று உண்டு. சாலையில் ஓடும் வாகனம் உண்மையில் எவ்வளவு நச்சை உமிழ்கிறது என்பதை நாம் முறையாக அளப்பதில்லை.

நம் நாட்டில் வாகனப் புகைக்கு இருவகை விதிகள் உள்ளன. ஒன்று, உற்பத்தியாளருக்கானது. 2020 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ். 6 தரம், டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளின் உச்சவரம்பை 250 மில்லிகிராமிலிருந்து 80 ஆகவும், நுண்துகள்களின் உச்சவரம்பை 25 மில்லிகிராமிலிருந்து 4.5 ஆகவும் குறைத்தது. எரிபொருளில் உள்ள கந்தகமும் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. இது பெரும் சாதனை.

மற்றொன்று, உரிமையாளருக்கானது. பதிவு செய்து ஓராண்டு ஆனபின் ஒவ்வொரு வாகனத்துக்கும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றிதழ் கட்டாயம். பி.எஸ். 4 முதலான வாகனங்களுக்கு அது ஓராண்டும், பழையவற்றுக்கு ஆறு மாதங்களும் செல்லும். அது இல்லாவிடில் 10,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு.

என் பெட்ரோல் காரின் சான்றிதழில் நான் கண்ட முக்கிய அளவுகள் இரண்டே: கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன். இரண்டும் வண்டி நின்றபடி இயந்திரம் ஓடும்போது அளக்கப்பட்டவை. டீசல் வாகனங்களில் புகையின் அடர்த்தி மட்டுமே பார்க்கப்படுகிறது. எந்த நைட்ரஜன் ஆக்சைடுகளையும் நுண்துகள்களையும் குறைக்க உற்பத்தியாளரிடம் அத்தனை கண்டிப்புக் காட்டினோமோ, அவற்றை உரிமையாளரிடம் நாம் கேட்பதே இல்லை. துகள் வடிகட்டியைக் கழற்றிவிட்ட புதிய டீசல் காரும் இச்சோதனையில் தேறிவிடக்கூடும்.

ஒருவர் செய்யும் செயலின் கேட்டைப் பிறர் சுமக்கும்போது, அக்கேட்டின் விலையைச் செய்தவரே ஏற்க வேண்டும் என்பது பொருளியல் அறிஞர் பிகூ 1920-இல் வகுத்தளித்த நெறி. கேட்டை அளந்தால்தான் அதற்கு விலை வைக்க முடியும். அளக்காத அரசு, எளிதில் தெரியும் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறது. அதுதான் பதிவுச் சான்றிதழில் உள்ள ஆண்டு. பழைய வாகனங்கள் பொதுவாக அதிகம் மாசுபடுத்துகின்றன என்பது மெய்யே. ஆயினும், ஒரே ஆண்டில் வாங்கிய இரு வாகனங்களில் ஒன்று நன்கு பராமரிக்கப்பட்டிருக்கும், மற்றொன்று புகை கக்கும். வயது விதிக்கு இரண்டும் ஒன்றே. இதில் பெரும் இழப்பு, பயன்படுத்திய காரைக் குறைந்த விலைக்கு வாங்கிப் பிழைப்பு நடத்துவோருக்குத்தான்.

ஜெர்மனியும் நெதர்லாந்தும் 2023-இல் டீசல் கார்களின் குறித்தகாலச் சோதனையில் துகள்களின் எண்ணிக்கையை அளக்கத் தொடங்கிவிட்டன. நம் பெருநகரங்களிலாவது அதைத் தொடங்கலாம். புதிய கார்களில் உள்ள தற்கண்டறி அமைப்பு பதிவு செய்யும் கோளாறுகளையும் சோதனையின்போது படிக்கச் செய்யலாம்.

உரிமையாளர்களுக்கும் கடமை உண்டு. சான்றிதழில் தேதியை மட்டும் பாராமல், அளவுகளையும் சென்ற ஆண்டின் அளவுகளோடு ஒப்பிட வேண்டும். கார்பன் மோனாக்சைடு ஏறினால் எரிபொருள் சரியாக எரியவில்லை என்று பொருள். இயந்திர எச்சரிக்கை விளக்கு எரிந்தால் அதை அலட்சியம் செய்யலாகாது. செலவை மிச்சப்படுத்த வடிகட்டியையோ வினையூக்கி மாற்றியையோ கழற்றச் சொல்லும் யோசனையை ஏற்கவே கூடாது.

இதன்பின், வரம்பு மீறும் வாகனத்தைச் சாலையிலிருந்து அகற்றினால் யாரும் குறைகூற முடியாது. அளந்து காட்டிய பின் விதிக்கும் தண்டனையே நியாயமானது.