பாய்மரங்களின் படங்களும் நம் கடமையும்

(மூன்றாம் ஆண்டு வரலாற்று மாணவன், மூலக்குளம்)

ஒரு மக்களின் வரலாறு கல்வெட்டிலும் செப்பேட்டிலும் மட்டுமே உறைந்து கிடக்கிறது என்று எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கல்லும் செம்பும் மன்னர்களைப் பேசும்; வணிகக் குழுக்களைப் பேசும்; கோயிலுக்கு விட்ட நிலத்தையும் ஆட்டையும் கணக்கிட்டுச் சொல்லும். ஆனால், விடியுமுன் கடலுக்குப் போய் வெயில் ஏறுமுன் கரை திரும்பிய மனிதன் எத்தகைய மரத்தில் போனான், அதில் பாயை எப்படிக் கட்டினான், அலையை எப்படிக் கடந்தான் என்பவற்றை அவை பேசுவதில்லை. அவற்றைக் கண்ணுக்கு நேரே நிறுத்தக்கூடிய சான்று ஒன்று உண்டு. அதுவே புகைப்படம். அந்தச் சான்றை அமெரிக்க நாட்டார் எவ்வாறு காத்தனர், நாம் எவ்வாறு கைவிட்டுக்கொண்டிருக்கிறோம் என்பதைச் சக மாணவர்களோடும் ஆசிரியப் பெருமக்களோடும் சேர்ந்து சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமெரிக்கர் காத்த படங்கள்

நியூயார்க் நகரில் 1844-ஆம் ஆண்டில் செல்வர்கள் கூடிப் பாய்ப்படகுச் சங்கம் ஒன்றை நிறுவினார்கள். அச்சங்கத்தாரின் ‘அமெரிக்கா’ என்னும் படகு 1851 ஆகஸ்டில் இங்கிலாந்து சென்று, வைட் தீவைச் சுற்றி நடந்த பந்தயத்தில் ஆங்கிலேயப் படகுகளை வென்றது. அன்று அது வென்ற கோப்பைக்காகத்தான் இன்றும் உலக நாடுகள் போட்டியிடுகின்றன.

அந்த வெற்றியை ஓவியர்கள் வரைந்தார்கள். அச்சுப் படங்கள் விற்பனையாயின. ஆனால் பாய் விரித்து ஓடும் படகைப் புகைப்படம் எடுக்க அன்று இயலவில்லை. காரணம் மிக எளிது. அக்காலத்துத் தகடு ஒளியை ஏற்க நெடுநேரம் எடுத்துக்கொண்டது. தகட்டில் ஈரம் காயுமுன் படம் எடுத்து முடித்து, அங்கேயே கழுவவும் வேண்டியிருந்தது. கோபுரம் அசையாமல் நிற்கும்; படகு நிற்குமா? 1870-களின் இறுதியில் உலர்ந்த தகடுகள் கடைக்கு வந்த பிறகே இந்தத் தடை நீங்கிற்று. கண் இமைக்கும் நேரத்தில் படம் பதிந்தது. 1880-களில் பாஸ்டன் நகரத்து நத்தானியேல் ஸ்டெபின்ஸ் போன்றவர்கள் கருவியைத் தூக்கிக்கொண்டு கடலுக்கே போய்விட்டார்கள். சாய்ந்தோடும் படகும், காற்றில் புடைத்த பாயும், தளத்தில் கயிறு பற்றி நிற்கும் மாலுமியும் கண்ணாடியில் பதிந்தனர்.

‘அமெரிக்கா’ படகின் முடிவு வருந்தத்தக்கது. அதை வைத்திருந்த கொட்டகை 1942-இல் பனிப்பொழிவின் பாரம் தாங்காமல் அதன்மேல் இடிந்து விழுந்தது. 1945-இல் படகையே உடைத்துக் கழித்துவிட்டார்கள். மரம் போயிற்று, படம் இருக்கிறது. பொருளைக் காக்கத் தவறினாலும் அதன் உருவத்தைக் காக்கலாம் என்பதே இதிலிருந்து நாம் பெறும் பாடம்.

தமிழ்ப் பெயர் பூண்ட படகு

இங்கே நமக்கு நெருங்கிய செய்தி ஒன்றையும் கூற வேண்டும். அமெரிக்க விடுதலையின் நூற்றாண்டு நாளையொட்டி 1876 ஜூனில் நியூயார்க்கில் ஒரு பந்தயம் நடந்தது. நத்தானியேல் ஹெரஷாப் என்னும் இளைஞர் ‘அமரில்லிஸ்’ என்ற புதுவகைப் படகைக் கொண்டுவந்தார். ஒல்லியான இரண்டு உடல்களைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்த படகு அது. ஏனைய படகுகளையெல்லாம் அது எளிதில் பின்தள்ளிவிட்டது. தோற்றவர்கள் முறையிட்டார்கள், அவ்வகைப் படகுகள் பந்தயத்திலிருந்து விலக்கப்பட்டன. ஹெரஷாப் மறு ஆண்டே தம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார்.

அந்தப் படகுவகைக்கு அவர்கள் வைத்த பெயர் என்ன தெரியுமா? ‘கேட்டமரான்’. நம் கட்டுமரம்தான் ஆங்கில நாவில் அப்படித் திரிந்து உலகெங்கும் சென்றிருக்கிறது. இதைக் கேட்டவுடன் சிலர் மார்தட்டிக்கொள்ளக் கூடும். உண்மை அவ்வளவு எளிதன்று. நம் கட்டுமரம் மிதக்கும் மரங்களைச் சேர்த்துக் கயிற்றால் கட்டியது. அவர்களுடையது இடைவெளி விட்டு இணைத்த இரட்டைப் படகு. அதற்கு உறவு தேடினால் பசிபிக் தீவுகளுக்குத்தான் போக வேண்டும். பெயர் மட்டுமே நம்முடையது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். பெயரை வாங்கிக்கொண்டவர்களிடம் படகின் வரைபடம் உண்டு, கட்டியவன் பெயர் உண்டு, ஆண்டு உண்டு. ஹெரஷாப் குடும்பத்தாரின் படகுகளுக்கென்றே பிரிஸ்டல் நகரில் ஓர் அருங்காட்சியகம் உண்டு. பெயரைக் கொடுத்த நம்மிடம் ஒரு கட்டுமரத்தின் படமாவது, அதைக் கட்டியவர் பெயரோடு இருக்கிறதா?

நம் கரையின் நிலை

புதுச்சேரிக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆளையும் சரக்கையும் சலங்குகள்தாம் கரைக்குக் கொண்டுவந்தன. ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாமல் நெகிழ்ந்து கொடுக்கும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டியவர்களுக்குச் சலங்கு என்ற சொல் புதிதன்று. பிரெஞ்சுக்காரர்கள் அச்சொல்லையே ‘ஷெலேங்’ என்று தம் மொழியில் சேர்த்துக்கொண்டார்கள்.

பாரி என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி, ஐரோப்பாவுக்கு வெளியே உள்ள மக்கள் கட்டிய படகுகளையெல்லாம் அளந்து வரைந்து 1840-களில் ஒரு பெருநூலாக வெளியிட்டார். சோழமண்டலக் கரையின் படகுகளும் அதில் உண்டு. பின்னர், சென்னை மாகாண மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1920-இல் இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி விரிவாக எழுதினார். இவ்விருவருக்கும் நாம் கடன்பட்டவர்கள்.

புகைப்படக் கருவி நம் நாட்டுக்கு வரத் தாமதிக்கவில்லை. சென்னையில் புகைப்படச் சங்கம் 1856-லேயே தோன்றிவிட்டது. லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் தஞ்சையையும் எடுத்த படங்களை இன்று உலகமே வியக்கிறது. ஆனால் அவர் குறிவைத்தது கோயிலையும் அரண்மனையையும். பிற்காலத்தில் அஞ்சலட்டைகள் அச்சிட்டவர்கள் கடற்கரையையும் எடுத்தார்கள். 1860-களில் அமைத்து, 1952-ஆம் ஆண்டுப் புயலில் அழிந்த நம் பழைய இறங்குபாலத்தை இன்று நாம் அறிவது அத்தகைய படங்களால்தான்.

அவ்வட்டைகளின் அடியில் என்ன அச்சிட்டிருக்கும்? பாலம், கடற்கரை, உள்ளூர்ப் படகு என்பனபோல் ஒருசில சொற்கள். படகுக்குப் பெயரில்லை, துடுப்புப் போடுகிறவனுக்கும் பெயரில்லை. அமெரிக்கச் செல்வரின் படகுப் படத்திலோ படகின் பெயரும் உடையவர் பெயரும் கட்டியவர் பெயரும் நாளும் இருக்கும். இரு படங்களிலும் கடல் ஒன்றே, காற்று ஒன்றே. படத்தின் அடியில் இருக்கும் எழுத்துத்தான் வேறு. அந்த எழுத்தில்தான் மனிதனின் மதிப்பு அடங்கியிருக்கிறது.

பெயரை எழுதுவது யார்?

அமெரிக்கப் படங்களிலும் ஒரு குறை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. உடையவர் பெயர் இருக்கும். கயிறு இழுத்தவர்களின் பெயர் பெரும்பாலும் இராது. 1895-இல் அக்கோப்பையைக் காத்த ‘டிஃபெண்டர்’ படகை ஓட்டியவர்கள் மெய்ன் மாநிலத்து டீர் ஐல் என்னும் தீவின் மீனவர்கள். செல்வருக்குப் புகழ், மீனவருக்குக் கூலி. ஆயினும் அந்தத் தீவு மக்கள் தம் ஊர் மாலுமிகளை மறக்கவில்லை; இன்றும் பெருமையோடு நினைக்கிறார்கள். செல்வர் எழுதாததை ஊரார் எழுதினார்கள். நமக்கு முன்மாதிரி அந்தச் செல்வர்கள் அல்லர், இந்த ஊராரே.

நம் இனத்தாரிடமிருந்தே இன்னொரு சான்று காட்டலாம். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் 1930-இல் கட்டிய ‘அன்னபூரணி’ என்ற பாய்க்கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ராபின்சன் விலைக்கு வாங்கினார். தமிழ் மாலுமிகள் செலுத்த, அது 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குளோஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அமெரிக்கச் செய்தித்தாள்கள் அதைக் கொண்டாடின. அமெரிக்கர் ஒருவர் விரும்பி வாங்கியிராவிட்டால் அக்கப்பலுக்கு இத்துணைப் புகழ் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. நம் பெருமையை நாம் அறிய, அயலான் விலை பேச வேண்டியிருக்கிறது!

கண்ணாடியின் விலை

ஸ்டெபின்ஸ் 1922-இல் மறைந்தார். அவர் எடுத்த பல்லாயிரம் கண்ணாடித் தகடுகள் கைமாறிப் போய், கடைசியில் வெறும் கண்ணாடியாக விலைபோகும் நிலைக்கு வந்தன. நியூ இங்கிலாந்துத் தொன்மைகளைக் காக்க 1910-இல் சங்கம் கண்ட வில்லியம் சம்னர் ஆப்பிள்டன் தலையிட்டு, சில ஆயிரம் தகடுகளையாவது மீட்டார். எஞ்சியவை போயின. டெட்ராய்ட் நிறுவனம் ஒன்றின் தொகுப்பிலிருந்த படகுப் படங்கள் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்கு 1949-இல் வந்து சேர்ந்தன. இன்று மூலக்குளத்தில் இருந்துகொண்டே கைப்பேசியில் அவற்றைப் பார்க்கலாம். ஒருவர் உரிய நேரத்தில் கைநீட்டியதால் வந்த பயன் இது.

நம் ஊர்களிலும் கதை இதுதான். டிஜிட்டல் முறை வந்தபின் பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. பழைய பிலிம்கள் அதிலுள்ள வெள்ளிக்காக எடைக்குப் போயின. மீதமுள்ளவை பரணில் பூஞ்சை பூத்துக் கிடக்கின்றன. குப்பத்து வீடுகளில் சுவரில் மாட்டிய படங்களை உப்புக்காற்று அரித்தது. எஞ்சியவற்றில் எத்தனையோ 2004 டிசம்பர் 26-இல் கடலோடு போயின. அன்று உடைந்த கட்டுமரங்களுக்குப் பதிலாகப் பெரும்பாலும் ஃபைபர் படகுகளே வந்தன. பாயை முன்னரே மோட்டார் விரட்டிவிட்டிருந்தது.

ஆகவே, பாய் கட்டிக் கடலோடியவர்கள் இன்று முதியவர்கள். ஒரு பழைய படத்தைக் காட்டினால், இது அணியம், இது பருமல், இது ஆஞ்சான், இது தாமான் என்று விரல் வைத்துச் சொல்லக்கூடியவர்கள் அவர்கள் மட்டுமே. நமக்கு அது ஒரு கொம்பு, ஒரு கயிறு, அவ்வளவுதான். படம் மட்டும் இருந்து சொல்பவர் இல்லையென்றால் அது ஊமைப் படம். சொல்பவர் இருந்து படம் இல்லையென்றால் அது காற்றோடு போகும் பேச்சு. இரண்டும் ஒருங்கே கிடைக்கக்கூடிய கடைசிக் காலம் இது.

மறுப்பும் விடையும்

“பணக்காரர்கள் பொழுதுபோக்குக்கு ஓட்டிய படகு, காசு கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். வயிற்றுப் பாட்டுக்குக் கடலோடுகிறவனுக்குப் படம் எதற்கு?” என்று நண்பர் ஒருவர் கேட்டார். வயிற்றுப்பாட்டுக்கு ஓடியதால்தான் அது வரலாறு என்பேன். பந்தயப் படகு இல்லாவிட்டால் ஒரு கோப்பை குறையும். கட்டுமரமும் சலங்கும் இல்லாதிருந்தால் புதுச்சேரி என்ற வணிக நகரமே இருந்திராது. வெள்ளைக்காரர் தெருவின் மாளிகைகளுக்கு வந்த ஒவ்வொரு பெட்டியும் மீனவர் தோளின் மேலேறித்தான் கரை கண்டது. மாளிகைகளைப் பாரம்பரியச் சின்னங்கள் என்று காக்கிறோம். தோள்களை மறந்துவிட்டோம்.

“வெளிநாட்டு நூலகங்களில் எல்லாம் இருக்கின்றனவே, பின் நமக்கென்ன கவலை?” என்பது இன்னொரு மறுப்பு. அங்கே இருப்பது அயலான் கண்ணுக்குப் பட்ட கரை. வீராம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ ஒரு வீட்டில், புதுப்படகு இறக்கிய நாளில் குடும்பத்தோடு நின்று எடுத்துக்கொண்ட படம் எந்த நாட்டு நூலகத்திலும் இராது. அதில் நிற்பவர்களுக்குப் பெயர் உண்டு. பெயரைச் சொல்லப் பேரன் இருக்கிறான். அந்தப் பேரன் ஒருவேளை நம் வகுப்பிலேயே அமர்ந்திருக்கலாம்.

செய்யத்தக்கவை

வெறும் புலம்பலோடு நிறுத்துவது மாணவர்க்கு அழகன்று. நம் கல்லூரி செய்யக்கூடியவை சில உண்டு; அவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை.

முதலாவது, வரலாற்றுத் துறையும் நாட்டு நலப்பணித் திட்டமும் இணைந்து, விடுமுறையில் கனகசெட்டிக்குளம் முதல் நல்லவாடு வரை உள்ள மீனவ ஊர்களுக்குச் செல்லலாம். ஊர்ப் பஞ்சாயத்தாரின் இசைவைப் பெற்ற பிறகே வீடுகளுக்குப் போக வேண்டும். யாரிடமிருந்தும் படத்தை வாங்கிவரக் கூடாது. அங்கேயே படி எடுத்துக்கொண்டு உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

இரண்டாவது, ஒவ்வொரு படத்துக்கும் ஆறு செய்திகளை எழுத வேண்டும்: என்ன படகு, கட்டியவர் யார், படத்தில் இருப்பவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு, இவற்றைச் சொன்னவர் யார். ஆண்டு நினைவில்லை என்றால், 1952 புயலுக்கு முன்னா பின்னா, இந்த ஊர் இந்தியாவோடு சேர்ந்த 1954-க்கு முன்னா பின்னா என்று கேட்டால் முதியவர்கள் தயங்காமல் சொல்வார்கள்.

மூன்றாவது, ஒரு படி நம் நூலகத்திலும் ஒரு படி அந்த ஊரிலும் இருக்க வேண்டும். ஊருக்குத் திருப்பித் தராத தொகுப்பு எவ்வளவு நல்லதானாலும் அது கொள்ளையே.

நான்காவது, இந்த ஆண்டு மலரில் ஆண்டுதோறும் நான்கு பக்கங்களை இதற்கென ஒதுக்கலாம். முதல்வர், செயலர், பேரவைத் தலைவர் ஆகியோரின் படங்களுக்கு நாம் தரும் பக்கங்களில் நான்கு குறைந்தால் மலர் வாடிவிடாது.

மூலக்குளத்திலிருந்து கடல் நெடுந்தொலைவு இல்லை. ரெட்டியார்பாளையம் கடந்து நகருக்குள் போனால் சிறிது நேரத்தில் அலையோசை கேட்கும். ஆயினும் எங்களில் பலர் கடற்கரைக்குப் போவது காந்தி சிலையருகே காற்று வாங்கத்தான். அங்கிருந்து சிறிது வடக்கே நடந்தால் குப்பம் இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். 2022 மார்ச்சில் பழைய துறைமுகப் பாலத்தின் ஒரு பகுதி கடலில் சரிந்தபோது நாமெல்லோரும் ஓடிப்போய்ப் படம் எடுத்தோம். விழுந்த பிறகு எடுப்பது எளிது. விழுமுன் எடுப்பதே அறிவு.

பாலத்தைவிட விரைவாகச் சரிந்துகொண்டிருப்பது பாய் கட்டத் தெரிந்த முதியவர்களின் நினைவு. ஆப்பிள்டன் ஒருவர் கைநீட்டியதால் சில ஆயிரம் தகடுகள் பிழைத்தன. நம் கல்லூரியில் நூற்றுக்கணக்கான கைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு கைப்பேசி இருக்கிறது. வரும் கோடை விடுமுறையிலேயே தொடங்குவோம். அடுத்த மலர் வெளிவரும்போது, பெயர் தெரிந்த ஒரு கட்டுமரமாவது, பெயர் தெரிந்த ஒரு மீனவராவது அதன் பக்கங்களில் இருக்கட்டும்.