தைராய்டு மாத்திரை போட்டும் அசதி போகலையா? அழற்சிப் பொடி வாங்கும் முன் இதைப் படிங்க

“ஆறு மாசமா தைராய்டு மாத்திரை போடுறனுங்க அக்கா. அசதியும் கை மரத்துப் போறதும் அப்படியேதான் இருக்குது.”

திருப்பூரில் பனியன் கம்பெனி வேனில் போகிறவர்களுக்கு இந்தப் பேச்சு புதிதல்ல. பக்கத்து சீட்டிலிருந்து பதிலும் வந்துவிடும்: “உடம்புல இன்ஃப்ளமேஷன் இருக்குதாமா. அதுக்கு ஒரு பொடி வருது, ஃபோன்ல பார்த்தேன்.”

கேள்வி நியாயமானது. பதில்தான் சிக்கல்.

அழற்சிக்கும் தைராய்டுக்கும் என்ன தொடர்பு?

தொடர்பு உண்மைதான். அயோடின் போதுமான அளவு கிடைக்கும் இடங்களில், தைராய்டு குறைவாகச் சுரப்பதற்கு முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹாஷிமோட்டோ இதை 1912-ல் விவரித்தார். நம் நோய் எதிர்ப்பு சக்தியே தைராய்டு சுரப்பியைத் தாக்குகிறது. அந்தத் தாக்குதலால் வரும் அழற்சியில் சுரப்பி மெல்ல மெல்லச் செயலிழக்கிறது.

2013-ல் வெளியான ஓர் ஆய்வில், சென்னை உட்பட 8 நகரங்களில் 5,000-க்கும் அதிகமானோரைப் பரிசோதித்தார்கள். சுமார் 11 சதவீதம் பேருக்கு தைராய்டு குறைபாடு இருந்தது. சுரப்பியைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள் சுமார் 22 சதவீதம் பேரின் ரத்தத்தில் இருந்தது.

மாத்திரை எதைச் செய்யும், எதைச் செய்யாது?

நாம் போடும் லெவோதைராக்சின், அழற்சியை அணைக்கும் மருந்து அல்ல. சுரப்பி தயாரிக்க முடியாத ஹார்மோனை வெளியிலிருந்து தருகிறது, அவ்வளவுதான். மெஷின் நின்றுபோன யூனிட், ஜாப் ஒர்க் கொடுத்து ஆர்டரை முடிப்பது மாதிரி. ஆர்டர் போய்ச் சேரும், மெஷின் ரிப்பேர் ஆகாது. அதனால்தான் பலருக்கு இந்த மாத்திரை ஆயுளுக்கும் தேவைப்படுகிறது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி அளவு இந்தச் சிகிச்சையால் சில ஆய்வுகளில் குறைந்தது, சிலவற்றில் குறையவில்லை.

பொடியை நம்பி மாத்திரையை நிறுத்துவதுதான் உண்மையான ஆபத்து. இந்த ஹார்மோனில் பாதி ரத்தத்திலிருந்து குறையவே ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அதனால் நிறுத்திய முதல் சில நாள் ஒன்றும் தெரியாது. “பொடி வேலை செய்யுது” என்று தோன்றும். பாதிப்பு பின்னால்தான் வரும்.

அப்படியானால் அசதி ஏன் போகவில்லை?

முதலில் பார்க்க வேண்டியது, மாத்திரை உடம்பில் ஒழுங்காகச் சேர்கிறதா என்பதை. வெறும் வயிற்றில் தண்ணீருடன் போட்டு, 30 முதல் 60 நிமிடம் வேறெதுவும் சாப்பிடக் கூடாது. காலை எட்டரை மணி ஷிப்டுக்குச் சமைத்து, பிள்ளைகளைக் கிளப்பி, வேனைப் பிடிக்கிற பெண்ணுக்கு அந்த அரை மணி நேரம் எங்கே கிடைக்கும்? மாத்திரையும் காபியும் ஒன்றாகத்தான் இறங்கும். காபி அதை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும்.

அடுத்தது இரும்புச்சத்து மாத்திரை. தேசிய குடும்ப நல ஆய்வின் 2019-21 சுற்றுப்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எனவே பலர் இரண்டையும் சேர்த்தே போடுகிறார்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தசோகையே அசதிக்குத் தனிக் காரணமாகவும் இருக்கலாம்.

காலையில் முடியாதவர்களுக்கு ஒரு வழி உண்டு. இரவு சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து, தூங்கும் முன் போடலாம். இரவில் போட்டால் ஹார்மோன் அளவு மேம்படுவதாக நெதர்லாந்தில் நடந்து 2010-ல் வெளியான ஆய்வு காட்டியது. ஒன்றரை ஷிப்ட் முடித்து வந்து பத்து மணிக்குச் சாப்பிடுகிறவர்களுக்கு இதுவும் சரிவராது. எது ஒத்துவரும் என்று டாக்டரிடம் ஷிப்ட் நேரத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

கை மரத்துப்போவதை மெஷின் வேலை என்று மட்டும் தள்ளிவிடாதீர்கள். தைராய்டு குறைவாலும் மணிக்கட்டு நரம்பு அழுந்தும். அளவை நீங்களாகக் கூட்டவும் வேண்டாம். அதிகமானால் படபடப்பும் எலும்புத் தேய்மானமும் வரலாம். கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே டாக்டரைப் பாருங்கள். அப்போது பலருக்கும் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும்.

தொழிலாளியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை

மாத்திரை அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்ஹெச் பரிசோதனை வேண்டும். பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்கு லேபுக்குப் போவது என்றால் அரை நாள் கூலி போச்சு. மாதம் ₹21,000 வரை சம்பளம் வாங்குவோருக்கு இஎஸ்ஐ இருக்கிறது. ஆனால் அங்கே போய்வர நேரம் இல்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. அதே மாதிரி, ஏற்கெனவே தைராய்டு சிகிச்சையில் இருப்பவர்களுக்கும் அறிகுறி உள்ளவர்களுக்கும் கம்பெனியிலேயே ரத்த மாதிரி எடுக்கலாம். கம்பெனிகளுக்கு இது பெரிய செலவாக இருக்காது.

பொடி விற்கிறவர் உங்கள் ஃபோனுக்கே வந்துவிடுகிறார். பரிசோதனையும் கம்பெனி வாசலுக்கு வரட்டும்.