திறவுகோல் எவர் கையில்?

அரசன் விடுத்த ஆணை அரசனுடையதே என்று பண்டு நாட்டார் தெளிந்தது எதனால்? அவன் பொறியால். முதலாம் இராசேந்திர சோழனின் திருவாலங்காட்டுச் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் புலியும் இருகயலும் வில்லும் கொண்ட அரசப்பொறி காணப்படுகின்றது. அத்தகைய பொறியைக் கணக்கெழுதுவான் வீட்டுப் பேழையில் போட்டுவைத்த அரசன் ஒருவன் இருந்திருப்பின் அவனைக் கண்டு நகையாதார் யார்? ஆயின், அன்பர்களே, பாலாற்றங்கரைத் தோல் வணிகருட் சிலர் இன்று அதனையே செய்கின்றனர்.

ஆம்பூரில் காலணி செய்து அயல்நாடுகட்கு விடுக்கும் என் பழைய மாணாக்கர் ஒருவரை அண்மையிற் கண்டேன். "ஐயா, இப்பொழுது எல்லாம் கணினியிலேயே முடிந்துவிடுகின்றன. நான் கையொப்பம் இடுவதே இல்லை" என்றார். "பின் எவர் இடுகின்றார்?" என்றேன். "என் டோக்கன் கணக்காய்வர் அலுவலகத்தில் இருக்கிறது. கடவுச்சொல்லையும் எழுதி அதிலேயே ஒட்டியிருக்கிறேன், ஐயா" என்றார். என் நெஞ்சு திடுக்கிட்டது.

விரலளவான அக்கருவிக்குள் இருப்பது மறைதிறவி. அதற்கு இணையாகப் பொதுத்திறவி என ஒன்றும் உண்டு. மறைதிறவி மின்னாவணத்தில் ஒப்பமிடும். அவ்வொப்பம் மெய்யா பொய்யா என்பதைப் பொதுத்திறவி எவர்க்கும் காட்டிவிடும். ஆவணத்தில் ஓரெழுத்து மாறினும் ஒப்பம் பொருந்தாது. இவ்விரட்டைத் திறவி முறையைத் திப்பீ, எல்மன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1976இல் வெளியிட்டனர். 1977இல் இரிவெசுட்டு, சமீர், அடில்மன் என்னும் மூவர் பகா எண்களைக் கொண்டு அதனைச் செயற்படுத்தினர். 101ஐயும் 113ஐயும் பெருக்கி 11,413 என்பது சிறுவர்க்கும் எளிது. 11,413ஐக் கொடுத்து, எவ்விரு எண்களின் பெருக்கம் இது என்று கேட்பின் பெரியோரும் தடுமாறுவர். அவ்வெண் 617 இலக்கம் உடையதாயின் இன்றைய கணினிகள் எல்லாம் கூடினும் பிரித்தல் இயலாது. பூட்டு அத்துணை வலிது. திறவுகோலையே வாயிலில் தொங்கவிட்டால் பூட்டின் வலிமையால் என்ன பயன்?

"கணக்காய்வர் நல்லவர்" என்பார் மாணாக்கர். நல்லவரே ஆகுக. அவர் மேசையறையைத் திறக்கும் கைகள் எத்தனை? 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 42ஆம் பிரிவில், மறைதிறவியைக் காக்கும் கடமையை அதற்குரியவர் மேலேயே வைத்துள்ளது. அது பிறர் கைப்பட்டதெனின் சான்று வழங்கிய அமைப்புக்கு உடனே அறிவித்தல் வேண்டும். அறிவிக்கும்வரை பொறுப்பு அவருடையதே. நாளை அவர் பெயரால் ஒரு விலகல் மடலோ பொய்க்கணக்கோ ஒப்பமாகிச் சென்றுவிடின், "நான் இடவில்லை" என்று மெய்ப்பிக்கும் சுமையும் அவர் தலைமேலேயே விழும்.

என் மாணாக்கர் மடியர் அல்லர். கருவியோடு வந்த தாளைக் காட்டினார், முழுதும் ஆங்கிலம். திரையில் தோன்றுவதும் ஆங்கிலமே. விளங்காததைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டார். எழுத்தறியாத பாட்டன் கைந்நாட்டு வைத்தான். பட்டம் பெற்ற பேரன் கருவியையே கொடுத்துவிட்டான். பாட்டனின் கட்டைவிரலாவது அவன் கையிலேயே இருந்தது!

ஆகலின், இக்கருவியை விற்போர் அதனைக் காக்கும் முறையைத் தமிழில் அச்சிட்டுத் தருதல் வேண்டும். வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டத் தோல் வணிகர் அமைப்புகள் அதனை வற்புறுத்திக் கேட்டல் வேண்டும். தாள்களை ஆயத்தம் செய்வது கணக்காய்வர் பணி; படித்து ஒப்பமிடுவது உரியவர் பணி. வணிகப் பெருமக்களே, அதுவரை காத்திராதீர்! இன்று மாலையே கருவியை வீட்டிற்குக் கொணர்க, ஒட்டிய தாளைக் கிழித்தெறிக, கடவுச்சொல்லை மாற்றுக. பொறி உம் கையில் இருக்குங்காறுமே ஆணை உம்முடையது.