கணக்கை யாரிடம் ஒப்படைத்திருக்கிறோம்?



ஆராதனைதோறும் நாம் கர்த்தருடைய ஜெபத்தை ஒருமித்துச் சொல்லுகிறோம். அனுதின ஆகாரத்தைக் கேட்கும்போது உரத்து ஒலிக்கும் நம் குரல், பிறரை மன்னிப்பதாகச் சொல்லும் இடத்திலும் அப்படியே ஒலிக்கிறதா? அந்த ஜெபத்தைக் கற்றுக்கொடுத்த ஆண்டவர், அதை முடித்தவுடன் ஒரே ஒரு விண்ணப்பத்தை மட்டும் மீண்டும் எடுத்து விளக்கினார். அது மன்னிப்பைக் குறித்ததே (மத்தேயு 6:14,15). நாம் எங்கே இடறுவோம் என்பதை அவர் அறிந்திருந்தார்.

காயப்பட்டவர்களிடம், "மன்னித்து மறந்துவிடுங்கள்" என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். போதகர்களாகிய நாங்களும் அப்படிச் சொன்னதுண்டு. அது நல்ல ஆலோசனை அல்ல என்பதே என் கருத்து. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் கைகளிலும் ஆணிகளின் தழும்புகள் இருந்தன. அவற்றை அவர் மறைக்கவில்லை. ஆனாலும், தம்மைக் கைவிட்டு ஓடிய சீஷர்களைச் சந்தித்தபோது முதலாவது அவர்களுக்குச் சமாதானத்தையே கூறினார்.

1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில் நடந்ததை நம்மில் பலர் மறந்திருக்கமாட்டோம். பாரிப்பதாவில் தொழுநோயாளரிடையே நெடுங்காலம் ஊழியம் செய்த கிரஹாம் ஸ்டெயின்ஸும், அவருடைய சிறு பிள்ளைகள் பிலிப்பும் தீமோத்தேயும் வாகனத்தில் உறங்கிக்கொண்டிருக்கையில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். அவர் மனைவி கிளாடிஸ், கொலை செய்தவர்களை மன்னிப்பதாக வெளிப்படையாகச் சொன்னார். தம் மகள் எஸ்தருடன் இந்தியாவிலேயே தங்கி, அந்த ஊழியத்தைச் சில ஆண்டுகள் தொடர்ந்து நடத்தினார். 2005-இல் நம் நாடு அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கியது.

அதே வேளையில் வழக்கும் நடந்தது. முதன்மைக் குற்றவாளியின் ஆயுள் தண்டனையை உச்ச நீதிமன்றம் 2011-இல் உறுதிசெய்தது. மன்னிப்பு வேறு, குற்றத்தின் விளைவு வேறு. மன்னித்தவர் நீதியை வேண்டாமென்று சொன்னதாக ஆகாது. பழிவாங்கும் உரிமையைத் தம் கையிலிருந்து இறக்கிவைத்தார் என்பதே அதன் பொருள். ஆகவே, வீட்டில் அடிபடும் ஒரு சகோதரியிடம், மன்னிப்பு என்ற பெயரில் அந்த அடிக்கே திரும்பிப் போகச் சொல்ல நமக்கு அதிகாரமில்லை.

இப்படி மன்னிக்கும் பெலன் எங்கிருந்து வருகிறது? உயிர்த்தெழுதலின் நம்பிக்கையிலிருந்தே வருகிறது என்று நான் விசுவாசிக்கிறேன். கல்லறையோடு எல்லாம் முடிந்துவிடுமானால், நமக்கு வரவேண்டிய ஒவ்வொரு கணக்கையும் இந்த வாழ்நாளுக்குள்ளேயே வசூலித்தாக வேண்டும். அப்போது மன்னிப்பு வெறும் நஷ்டமாகவே தோன்றும். ஆனால் மரித்தோரை எழுப்புகிற தேவன் நியாயாதிபதியாகவும் இருக்கிறார். நாம் இழந்த எதுவும் அவருக்கு மறைவானதல்ல. இதை நம்புகிறவனே கணக்குப் புத்தகத்தை அவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக உறங்க முடியும்.

நம்மில் பெரும்பாலோர் மன்னிக்கவேண்டியது கொலையை அல்ல. பாகப்பிரிவினையில் வந்த மனக்கசப்பு, கல்யாண வீட்டில் கேட்ட ஒரு சொல், சபைத் தேர்தலில் பிறந்த பகை ஆகியவையே. ஆனால் அவற்றைச் சுமந்துகொண்டே திருவிருந்துப் பந்திக்கு வருகிறோம். ஒரே அப்பத்தில் பங்குபெற்றபின், வாசலில் ஒருவரையொருவர் பாராமல் வெளியேறுகிறோம். ஈஸ்டர் காலையில் பாடும் நம் பாட்டுக்கும் இந்த மௌனத்துக்கும் என்ன சம்பந்தம்?

மனது இளகட்டும், பிறகு ஜெபிப்போம் என்று காத்திருக்காதீர்கள். சிலுவையில் ஆண்டவரின் மன்னிப்பு, பிதாவை நோக்கிய ஜெபமாகவே வெளிப்பட்டது. இந்த வாரம் ஏழு நாளும், உங்களைக் காயப்படுத்திய ஒருவரின் பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். முதல் நாள் அந்தப் பெயர் தொண்டையில் சிக்கிக்கொள்ளலாம். "ஆண்டவரே, எனக்கு மனதில்லை, மனதைத் தாரும்" என்று சொன்னாலும் அது ஜெபமே. ஏழாம் நாளிலும் வலி இருக்கலாம். ஆயினும் கணக்கு உங்கள் கையில் இராது.

வெறுமையான கல்லறையின் ஆண்டவர், கசப்பினால் நிறைந்த நம் இருதயங்களையும் திறந்து, தம் சமாதானத்தால் நிரப்புவாராக. ஆமென்.