வாக்கிங் மட்டும் போதுமா?

60 வயசு தாண்டினவங்களுக்கு "தினமும் வாக்கிங் போங்க, போதும்"னு சொல்லி அனுப்பிடறோம். டாக்டர்களும்தான். என்னைக் கேட்டா அது பாதி மருந்து. மீதிப் பாதி ஏன் வேணும்னு புரிய, தசைக்குள்ள கொஞ்சம் எட்டிப் பார்க்கணும்.

1. தொடைத் தசையைத் தேங்காய் நார்க் கயிறு மாதிரி நினைச்சுக்கோங்க. கயிற்றைப் பிரிச்சா புரி, புரியைப் பிரிச்சா நார். தசையும் அப்படித்தான். தசைக்குள் கற்றைகள், கற்றைக்குள் நார்கள். ஒவ்வொரு நாரும் ஒரே ஒரு செல்!

2. நாருக்குள் இன்னும் நுண்ணிய இழைகள். அதில் ரயில் பெட்டி கோர்த்த மாதிரி சார்கோமியர்கள். ஒரு பெட்டியின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் சுமார் 400-ல் ஒரு பங்கு. உள்ளே ஆக்டின், மயோசின்னு ரெண்டு புரத இழைகள். இழைகள் சுருங்கறதில்லை, ஒன்றின்மேல் ஒன்று நழுவுது, பெட்டி குறுகுது. 1954-ல் இரண்டு குழுக்கள் தனித்தனியா இதைச் சொன்னாங்க.

3. நார்களில் முக்கியமா 2 வகை. மெது நார் களைக்காம உழைக்கும்; நிற்க, நடக்க. வேக நார் சட்டுனு பெரிய விசை தரும், சீக்கிரம் களைச்சிடும். நாற்காலியிலிருந்து எழ, படி ஏற, தடுக்கினா காலை முன்னாடி வெச்சு சமாளிக்க இது வேணும்.

4. நம்ம நரம்பு மண்டலம் சிக்கனமானது. சின்ன வேலைக்கு மெது நார்களைத்தான் கூப்பிடும். விசை அதிகம் தேவைப்பட்டாதான் வேக நார்களுக்கு அழைப்பு. சமதரையில் நிதானமா நடந்தா அதில் பெரும்பாலானவை சும்மாவே இருக்கும்.

5. வயசாக ஆக அதிகமா மெலியறது அந்த வேக நார்தான். "நல்லாத்தானே நடந்துட்டிருந்தார், பாத்ரூம்ல விழுந்துட்டாரே"ன்னு கேட்கறீங்களே, அதுக்கு ஒரு காரணம் இங்க இருக்கு. நாம தரையை மட்டும் திட்டறோம்.

6. "இந்த வயசுல எடைப் பயிற்சியா?" 1990-ல் ஜாமா இதழில் ஒரு ஆய்வு வந்தது. முதியோர் இல்லத்தில் இருந்த, 90 வயசை ஒட்டிய 10 பேர், 8 வாரப் பயிற்சி. முடிச்சவங்க கால் வலிமை சராசரியா 174% கூடிச்சு. சின்ன ஆய்வுதான். ஆனா 'இனிமே முடியாது'ங்கற சாக்கை உடைச்சது.

7. ஜிம் வேண்டாம். வாரம் 2 நாளாவது: கையை ஊன்றாம நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்க. சுவரில் கை வெச்சு புஷ்-அப். எதையாவது பிடிச்சுக்கிட்டு குதிகாலைத் தூக்கி இறக்குங்க. கடைசி சில தடவை கஷ்டமா இருக்கணும். சுலபமா இருந்தா வேக நார் இன்னும் தூங்குதுன்னு அர்த்தம். மூச்சை அடக்காதீங்க. இதய நோய், கட்டுப்படாத பிபி, சமீபத்தில் ஆபரேஷன்னா உங்க டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிங்க.

8. வாக்கிங்கை விடச் சொல்லலை. இதயத்துக்கும் சுகருக்கும் அது அவசியம். கூட இதையும் சேர்த்து எழுதித் தரணும்ங்கறேன்.

பிள்ளைகளுக்கு ஒண்ணு: "நீங்க உட்காருங்கப்பா, நான் தூக்கிட்டு வர்றேன்"னு எல்லாத்தையும் பிடுங்கிக்காதீங்க. முடியற காய்கறிப் பையை அவர் கையிலேயே விடுங்க.