சிட்டையும் பேரேடும்



இளையாத்தங்குடியிலிருந்து ஓர் ஆச்சி கடிதம் எழுதியிருக்கிறார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியை. நம் இதழுக்குச் சமையல் குறிப்பும் ஊர்க்கதையும் அனுப்புகிறவர்கள். எழுத நினைப்பதெல்லாம் வாட்ஸ்அப்பில் பாதி, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பாதி, மகள் போனில் போட்டுக்கொடுத்த மூன்று செயலிகளில் மீதி என்று சிதறிக் கிடக்கிறதாம். "எது நல்லதுன்னு ஒண்ணைச் சொல்லுங்க, அதையே வச்சுக்கறேன்" என்று கேட்கிறார்கள். இதே கேள்வியை உங்களில் பலரும் கேட்டிருப்பதால், இந்த மாதப் பக்கம் ஆச்சிக்கு எழுதும் பதிலாகவே இருக்கட்டும்.

ஆச்சி, செயலியின் பெயருக்குப் போகும் முன் உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கணக்கு எழுதிய விதத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பர்மா, மலேயா, இலங்கை என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன நகரத்தார் கடைகளில், அன்றன்று நடந்ததை நடந்த வரிசையிலேயே சிட்டையில் எழுதினார்கள். அங்கே ஒன்றும் விட்டுப்போகக் கூடாது, அவ்வளவுதான். பிறகு அந்த வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, அவரவர் பெயருக்குரிய பக்கத்தில் பேரேட்டில் ஏற்றினார்கள். அதன்பின் ஐந்தொகை எடுத்தால் கடையின் நிலைமை தெரிந்துவிடும். பெட்டியடிப் பையனாகப் போய்ச் சேர்ந்த சிறுவர்கள் பழகிய தொழில் இது.

இன்றைய செயலிகளிலும் இந்த இரண்டு வேலைகளும் தனித்தனியாகத்தான் இருக்கின்றன. கூகுள் கீப் போன்றவை சிட்டை. திறந்தவுடன் எழுதலாம், படம் ஒட்டலாம், கடைச் சாமான் பட்டியல் போடலாம். கண்ணுக்குச் சிரமமாக இருந்தால் பேசியே எழுதலாம்; கூகுளின் குரல்வழித் தட்டச்சு 2017-லேயே தமிழுக்கு வந்துவிட்டது. நம் பேச்சு வழக்கை அது சில இடங்களில் தப்பாகப் பிடிக்கும், பிறகு திருத்திக்கொள்ளலாம். வொர்க்ஃப்ளோயி, அப்சிடியன் போன்றவை பேரேட்டுப் பக்கம் சேரும். வொர்க்ஃப்ளோயியில் ஒரு தலைப்பின் கீழ் கிளைகளும், கிளைக்குள் கிளைகளும் போட்டு, வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது சுருக்கி வைக்கலாம். கட்டுரைக்குச் சட்டகம் போடுகிறவர்களுக்கு இது பெரிய வரம். வரிகளை அடுக்கடுக்காகத் திரையில் விரித்துச் சுருக்கும் இந்த வித்தையைக் கணினி ஆய்வாளர் டக்ளஸ் எங்கெல்பார்ட் 1968-லேயே சான் பிரான்சிஸ்கோவில் மேடையேற்றிக் காட்டினார்.

நம்மில் பெரும்பாலோர் சிட்டை மட்டும் எழுதுகிறோம். பேரேட்டில் ஏற்றுவதே இல்லை. குறிப்பு ஆயிரம் சேர்ந்தும் வேண்டிய நேரத்தில் ஒன்றும் கைக்குக் கிடைக்காமல் போவது அதனால்தான். இதற்கு நாலாவது செயலி மருந்தாகாது. வாரத்தில் ஒரு மாலை உட்கார்ந்து, அந்த வாரச் சிட்டையிலிருந்து வைக்க வேண்டியதை அதனதன் தலைப்பில் ஏற்றிவிட்டு மற்றதை அழித்துவிட வேண்டும். அழிப்பதற்கு மனம் வர வேண்டும், அதைத்தான் அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று, எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. கடல் கடந்த கடையை நடத்த மேலாளாகப் போனவர்கள் பெரும்பாலும் மூன்று வருடக் கணக்கில் போய்த் திரும்பினார்கள். அடுத்து வந்தவர் முன்னவர் எழுதிய ஏட்டைப் பிரித்து, விட்ட இடத்திலிருந்து கடையை நடத்தியாக வேண்டும். எழுதியவர் பக்கத்தில் இல்லாதபோதும் இன்னொருவருக்குப் புரிகிறபடி எழுதும் பழக்கம் அப்படி வந்தது. உங்கள் ஊர் கைலாசநாதர் கோயிலையே பாருங்கள். நகரத்தாரின் ஒன்பது கோயில்களில் ஒன்று. கல்யாணம் ஆனதும் தம்பதியை ஒரு புள்ளியாக, அதாவது கோயிலைச் சேர்ந்த தனிக் குடும்பமாக, பதிந்து சேர்த்துக்கொள்கிற முறை தலைமுறை தலைமுறையாக நடந்து வருகிறது. இன்று பதிகிற புள்ளியை நாளைக்குப் பார்க்கப்போகிறவர் யாரோ ஒருவர்.

நம் செயலிகளை இந்த இடத்தில்தான் உரசிப் பார்க்க வேண்டும். உள்ளே போட்ட எழுத்து வெளியே வருமா? கூகுள் நோட்புக் என்று ஒன்று இருந்தது, 2012-ல் மூடிவிட்டார்கள். எவர்நோட் 2023 டிசம்பரில் இலவசக் கணக்குக்கு 50 குறிப்பு, ஒரே நோட்டு என்று வரம்பு கட்டியது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்த வலி பழையது. யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டி வைத்த கதையும் கட்டுரையும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் புரியாத குறிகளாகத் தெரியும். தமிழக அரசு யூனிகோடைத் தரமாக ஏற்றது 2010-ல். அதற்கு முந்தைய எத்தனையோ எழுத்து இன்னும் மாற்றப்படாமல் கிடக்கிறது. அப்சிடியனில் எனக்குப் பிடித்தது இதுதான்: ஒவ்வொரு குறிப்பும் நம் கருவியிலேயே சாதாரண எழுத்துக் கோப்பாக இருக்கும், நாளைக்கு அந்தச் செயலியே இல்லாமல் போனாலும் எதில் வேண்டுமானாலும் திறந்து படிக்கலாம். போனிலும் கணினியிலும் ஒரே குறிப்பு தானாகச் சேர அவர்களுடைய சேவையையே எடுத்துக்கொண்டால், அதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும்.

ஆச்சி, உங்களுக்கு நான் சொல்வது: சிட்டைக்குக் கீப் போதும். பேரேட்டுக்குக் கூகுள் டாக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். அப்சிடியன் நல்லதுதான், ஆனால் பழக நாளாகும். உங்கள் நேரம் எழுத்துக்குப் போகட்டும். சமையலுக்கு ஒரு கோப்பு, ஊர்க்கதைக்கு ஒன்று, குடும்பச் செய்திக்கு ஒன்று என்று மூன்று போதும். ஒவ்வொன்றிலும் தலைப்புகளைத் தலைப்பாகவே குறித்துவிட்டால் தலைப்புப் பட்டியல் தானாக வந்துவிடும். மாதம் ஒருமுறை வேர்டு கோப்பாக இறக்கி மகளுக்கு அனுப்பி வையுங்கள். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி, வீட்டில் நம்பிக்கையானவரிடம் கொடுங்கள். மற்ற செயலிகளில் இருப்பதை முதலில் வெளியே எடுத்துவிட்டு, பிறகு நீக்குங்கள்.

கடிதத்தின் அடியில், உங்கள் அப்பத்தா காலத்துக் கல்யாணச் சாமான் பட்டியல் கிடைத்திருப்பதாக ஒரு வரி எழுதியிருந்தீர்கள். கல்யாணத்தில் சாமான் பரப்புவதைப் பற்றிய கட்டுரையை அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்குங்கள். பக்கம் ஒதுக்கி வைத்திருக்கிறேன். மற்ற வாசகர்களும் உங்கள் வீட்டில் கணக்கையும் குறிப்பையும் யார், எதில், எப்படி எழுதி வைத்தார்கள் என்று எழுதுங்கள். தாளில் எழுதி அனுப்பினாலும் சரி, போனில் தட்டி அனுப்பினாலும் சரி.

அன்புடன்,
ஆசிரியர்